வீட்டில் ஆடும் வினா விளையாட்டு

(திண்டுக்கல்லில் கூடிய நமது சங்கத்தின் குடும்பக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



இன்று ஏதேனும் பேசுமாறு நமது காரியதரிசி அவர்கள் எம்மைக் கேட்டுக்கொண்ட பொழுது, கல்வி நிதியைக் குறித்தோ கலியாணச் செலவைக் குறைத்தலைக் குறித்தோ யாம் பேசுவோம் என்றே எதிர்பார்த்திருப்பார். அவ்விரண்டும் இச்சபையில் பன்முறை பேசப்பெற்றவை. யாம் எடுத்துக்கொண்ட விஷயமோ விளையாட்டு. அதிலும், தொலைக்காட்சியில் நடைபெறும் வினா விளையாட்டுக்களையும் பாட்டு விளையாட்டுக்களையும் கண்டு, அவற்றைப் போலவே நம் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து நாமே ஆடிக்கொள்ளும் விளையாட்டு. இதற்கும் ஒரு பிரசங்கமா எனச் சிலர் நகைக்கலாம். ஒரு குடும்பத்தார் மாலைப்பொழுதை எங்ஙனம் கழிக்கின்றனர் என்பதைக் கொண்டே அக்குடும்பத்தின் வருங்காலத்தை ஒருவாறு அறியலாகும் என்பது எமது துணிபு. ஆதலின் சற்றுப் பொறுமையுடன் கேட்டருள வேண்டுகின்றோம்.

நம் முன்னோர் விளையாட்டை வெறுத்தவரல்லர். பல்லாங்குழியும் தாயமும் பரமபதமும் ஆடுபுலியும் அறியாத வீடு இச்சீமையில் அரிது. புளியங்கொட்டைகளைக் குழிதோறும் விரைவாக இட்டு, எங்கே தொடங்கினால் எங்கே முடியுமென்று கண்ணாலேயே அளந்த நம் பாட்டிமார், பள்ளிக்கூட வாயிலை மிதியாமலே கணக்கில் வல்லவராய் இருந்தனர். பின்னர் வானொலி வந்தது. இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்பைக் கேட்டு வளர்ந்த பெரியோர் இக்கூட்டத்தில் பலர் உளர். அவ்வானொலியிற் புகழ்பெற்ற பி. எச். அப்துல் ஹமீது அவர்களின் 'பாட்டுக்குப் பாட்டு' பின்னாளில் நம் தமிழ்நாட்டுத் தொலைக்காட்சிக்கும் வந்து வீடுதோறும் புகுந்தது. 1975-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் சென்னையில் தொலைக்காட்சி நிலையம் தொடங்கிற்று. நமது ஜில்லாவிலேயே உள்ள கொடைக்கானல் மலைமேல் ஒளிபரப்புக் கோபுரம் எழுந்த பின்னர் இச்சமவெளிக்கும் படம் தெளிவாய் வந்தது. அக்காலத்தில் ஒரு தெருவிற்கு ஒரு பெட்டி. பெட்டியுள்ள வீட்டு வாயிலில் தெருவார் யாவரும் கூடியிருப்பர். 2006-ம் வருஷம் முதல் அரசாங்கத்தார் இலவசமாக வண்ணப் பெட்டிகளை வழங்கலாயினர். வீட்டிற்கு ஒரு பெட்டியாயிற்று. இப்பொழுதோ கைக்கு ஒரு கைப்பேசி. தெருவார் கூடி ஒன்றைப் பார்த்த காலம் போய், ஒரே கூரையின்கீழ் ஐவர் ஐந்து மூலைகளில் அமர்ந்து ஐந்து வெவ்வேறு காட்சிகளைப் பார்க்கும் காலம் வந்துவிட்டது. இதனை நாம் யாவரும் அறிவோம். இதன் பொருட்டு வருந்தாத பெற்றோரும் இல்லை.

நிற்க. தொலைக்காட்சி விளையாட்டுக்களுள் பெரும்புகழ் வாய்ந்தது கோடி ரூபாய் வினா விளையாட்டேயாம். இது 1998-ம் வருஷம் இங்கிலாந்தில் தோன்றியது. 2000-ம் வருஷம் ஜூலை மாதத்தில் அமிதாப் பச்சன் அவர்கள் ஹிந்தியில் நடத்தத் தொடங்கினார். தமிழில் சரத்குமார் அவர்கள் 'கோடீஸ்வரன்' என்னும் பெயரால் நடத்தினார். 2012-ல் சூர்யா அவர்களும், அதன் பின்னர்ப் பிரகாஷ் ராஜ் அவர்களும் 'நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி' என நடத்தினர். 2019-ம் வருஷக் கடைசியில் பெண்மக்களுக்கென்றே 'கோடீஸ்வரி' என ராதிகா சரத்குமார் அவர்கள் தொடங்கினார். அந்நிகழ்ச்சியில், 2020-ம் வருஷம் ஜனவரி மாதத்தில், நமக்கு அண்மையிலுள்ள மதுரையைச் சேர்ந்த ஒரு பெண்மணி, செவித்திறனும் பேச்சுத்திறனும் குறைந்தவராயிருந்தும், வினாக்கள் யாவற்றிற்கும் விடையிறுத்து ஒரு கோடி ரூபாய் வென்றார். அப்பெண்மணியின் வெற்றியைக் கண்டு கண் கலங்காத வீடு இப்பக்கத்தில் இல்லை எனலாம். அறிவுக்குச் செவிக்குறையும் தடையன்று, பெண் என்பதும் தடையன்று என்பதை ஆயிரம் பிரசங்கங்களினும் மேலாக அவ்வொரு மாலை விளக்கிற்று.

இத்தகைய விளையாட்டுக்களைப் பார்த்தவர் தம் வீட்டிலும் ஆடிப் பார்க்க விரும்புதல் மனித இயற்கை. அமெரிக்காவில் 'பாஸ்வேர்டு' என்னும் சொல் விளையாட்டு 1961-ம் வருஷம் தொலைக்காட்சியில் தொடங்கிற்று. மறு வருஷமே மில்டன் பிராட்லி என்னும் கம்பெனியார் அதனைப் பெட்டியில் அடைத்துக் கடைகளில் விற்றனர். முதற் பெட்டி, இரண்டாம் பெட்டி என இலக்கமிட்டு வெளியிட்டு வந்தவர்கள், பன்னிரண்டாவதற்குப் பின் பதின்மூன்று என்னும் இலக்கத்தை விலக்கிப் பதினான்காவதை வெளியிட்டனராம். சகுனம் பார்ப்பதில் நாம் மட்டுமே வல்லவர் என்று எண்ணற்க! இன்னொரு வேடிக்கை: அந்நாட்டு நிகழ்ச்சிகள் பலவற்றில், தோற்றவர்க்கு ஆறுதலாக அவ்விளையாட்டின் வீட்டுப் பெட்டியைக் கொடுத்து அனுப்பிவந்தனர். வென்றவர் பெற்ற பணம் சில மாதங்களிற் செலவாகியிருக்கும். தோற்றவர் கொண்டுசென்ற பெட்டியோ பல வருஷம் அவர் வீட்டாரைக் கூட்டி வைத்திருக்கும். இருவருள் லாபம் பெற்றவர் யாரென்று நீங்களே தீர்மானித்துக் கொள்ளுங்கள்.

நம் நாட்டில் பெட்டி வாங்கவேண்டிய அவசியமுமில்லை. 2012-ம் வருஷத்தை ஒட்டிய மின்வெட்டுக் காலத்தை மறந்திருக்க மாட்டீர்கள். மாலை மயங்கியதும் விளக்கு அணையும், விசிறி நிற்கும், தொலைக்காட்சிப் பெட்டி கண் மூடும். வெப்பம் தாளாமல் நம் குடும்பத்தார் யாவரும் மொட்டைமாடியிலும் திண்ணையிலும் வந்து அமர்ந்தனர். சும்மா இருத்தல் கூடுமா? ஒரு வீட்டில் யாரோ ஒரு பாட்டை எடுப்பர்; அது முடிந்த எழுத்தில் அடுத்த வீட்டு மாடியிலிருந்து மறுபாட்டு வரும். பெட்டி இறந்துகிடந்த நேரத்தில் பெட்டியின் விளையாட்டு உயிர் பெற்றது. மின்சாரம் வந்ததும் "ஓ" என்று ஆரவாரித்துக்கொண்டு யாவரும் உள்ளே ஓடிப்போயினர் என்பதையும் மறைக்க வேண்டுவதில்லை. ஆயினும் அவ்விருட்டிலே நாம் கண்ட இன்பத்தை வெளிச்சத்திலும் காணலாகாதா என்பதே யாம் கேட்பது.

இனி, இவ்விளையாட்டை நடத்தும் முறையைச் சொல்லுவோம். வீட்டில் கிடக்கும் பழைய கலியாணப் பத்திரிகைகளின் வெற்றுப் பக்கத்தை அளவாய்க் கத்தரித்துக் கொண்டால் வினாச் சீட்டுக்கள் ஆயின. பணத்திற்குப் புளியங்கொட்டையோ சோழியோ போதும். மணிக்கு ஒரு தாம்பாளமும் கரண்டியும். கோடி ரூபாய் விளையாட்டில் மூன்று உதவிகள் உண்டு அல்லவா? நான்கு விடைகளுள் தவறான இரண்டை நீக்குதல் ஒன்று. சபையோரைக் கேட்டல் ஒன்று. நண்பரைத் தொலைபேசியில் அழைத்தல் ஒன்று. எமது வீட்டில் மூன்றாவதைச் சிறிது மாற்றி, 'பாட்டியைக் கேட்டல்' என்று வைத்துக்கொண்டோம். இம்மாற்றத்தால் விளைந்த நன்மை பெரிது. அதுகாறும் கூடத்தின் ஓரத்தில் சுவரில் சாய்ந்து, ஒருவரும் ஒன்றும் கேளாதிருந்த கிழவியாரை, பேரப்பிள்ளைகள் நால்வரும் ஒருங்கே திரும்பி நோக்கலாயினர்.

எல்லாவற்றினும் முக்கியமான விதி ஒன்றுண்டு. அது வினாத் தொடுக்கும் ஆசனத்தைப் பற்றியது. தொலைக்காட்சியில் அவ்வாசனம் நடிகர் ஒருவர்க்கே உரியது. வீட்டில் அது முறைவைத்துச் சுற்றிவர வேண்டும். ஒரு நாள் தகப்பனார், மறுநாள் ஏழாம் வகுப்புப் பெண், பிறகு பாட்டனார், பிறகு புதிதாய் வந்த மருமகள். இதனை யாம் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. நம் குடும்பங்களில் சிலர் கேட்பவராகவே பிறந்திருக்கின்றனர். சிலர் பதில் சொல்பவராகவே வளர்க்கப்படுகின்றனர். "எங்கே போனாய்? எத்தனை மார்க்கு? குழம்பில் ஏன் உப்பில்லை?" என்று தினந்தோறும் கேட்கப்படுவோர், தாம் ஒரு கேள்வியைக் கேட்டுப் பிறர் விடைக்குக் காத்திருக்கும் பேற்றினை அறியார். விளையாட்டின் பெயராலேனும் மருமகள் வினவ, மாமனார் தலையைச் சொறிந்துகொண்டு விடை தேடும் அரைமணி நேரம் ஒரு வீட்டில் உண்டாகுமாயின், அவ்வீட்டில் மற்றப் பொழுதும் பேச்சு இனிதாகும்.

வினாக்களை எங்கே தேடுவது? அச்சிட்ட பொது அறிவுப் புத்தகங்கள் வேண்டிய மட்டும் உள்ளன. நம் கண்முன் நிற்கும் இவ்வூரே ஒரு புத்தகமன்றோ? திண்டைப் போன்ற கல்லாகிய இம்மலையைக் குழந்தைகள் தினமும் பார்க்கின்றனர். இக்கோட்டை ஆங்கிலேயர் கைக்கு வந்த வருஷம் யாது என்று கேளுங்கள். 1790 என்று எத்தனை பேர் சொல்லுகின்றனர் பார்ப்போம். சிவகங்கை அரசியார் வேலு நாச்சியார் தம் நாட்டை இழந்த காலத்தில் ஹைதர் அலியின் உதவியை நாடித் தங்கியிருந்த சீமை எது? இச்சீமையே. மதுரை ஜில்லாவினின்றும் நமது ஜில்லா பிரிந்த வருஷம் யாது? 1985. இவ்வூர்ப் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்த வருஷம்? 2019. பழனிப் பஞ்சாமிர்தத்திற்கும் அதே வருஷந்தான். ஊரார்க்குத் தண்ணீர் தரும் ஆத்தூர் நீர்த்தேக்கத்திற்கு யாருடைய பெயர்? காமராசர் பெயர். காந்திகிராமம் தோன்றிய வருஷம்? தேசம் விடுதலையடைந்த 1947. சின்னாளபட்டியில் நெய்வது யாது, நிலக்கோட்டைச் சந்தையில் விலையாவது யாது, ஒட்டன்சத்திரத்திலிருந்து மூட்டை மூட்டையாய் வெளியூர் செல்வது யாது? இவற்றுள் பாதிக்கு நம் பிள்ளைகள் விடை சொல்லார். கால் பங்கிற்கு நாமே சொல்லோம்.

இவையும் புத்தகங்களில் ஒருவாறு கிடைக்கும். எப்புத்தகத்திலும் தேடி எடுத்தற்கு அரிய வினாக்கள் நம் முதியோரிடத்தில் உள்ளன. கமலையில் நீர் இறைத்த பெரியவர், "சாலின் அடியிற் கட்டிய தோலுக்குப் பெயர் என்ன?" என்று கேட்கட்டும். 'தும்பி' என்று சொல்லும் இளைஞர் இச்சபையில் எத்தனை பேர்? தோல் பதனிடுதலுக்குப் பெயர்பெற்ற ஊரிலே பிறந்தும் அச்சொல்லை இழந்துவிட்டோம். "அரைக்காலும் வீசமும் கூட்டினால் எவ்வளவு?" என்று பாட்டனார் கேட்டால், பத்தாம் வகுப்புப் பையன் எட்டில் ஒன்றையும் பதினாறில் ஒன்றையும் காகிதத்திற் கூட்டிப் பதினாறில் மூன்று என்று கண்டுபிடிப்பதற்கு முன்னர், கிழவர் 'மூன்று வீசம்' என்று சொல்லிவிடுவர். அப்பொழுது பையனுக்குப் பாட்டனார்மேல் உண்டாகும் மதிப்பு, நூறு முறை "பெரியோரை மதி" என்று போதிப்பதால் உண்டாகாது. மறுபக்கத்தில், கைப்பேசியில் வந்த செய்தி மெய்யா பொய்யா என்று அறிவது எப்படி என்று பேரன் கேட்க, பாட்டனார் திகைத்து நின்று அவனிடம் கற்றுக்கொள்வர். நமது சமூகத்தில் முதியோர் ஒருவர் மறையுங்கால் அவருடன் எத்தனை சொற்கள், எத்தனை கணக்குக்கள், எத்தனை மருந்து முறைகள் மறைந்து போகின்றன! அவற்றை எழுதி வைக்கவேண்டும் என்று தீர்மானம் போடுகின்றோம், எழுதுவார் இல்லை. விளையாட்டிற்கு வினா வேண்டும் என்று பேரக் குழந்தை நச்சரித்தால் அவையெல்லாம் சீட்டில் ஏறிவிடும்.

இன்னொரு விதமான விளையாட்டும் உண்டு. 1976-ம் வருஷம் அமெரிக்காவில் 'ஃபேமிலி ஃபியூட்' என்னும் நிகழ்ச்சி தொடங்கிற்று. இரண்டு குடும்பத்தார் எதிரெதிரே நிற்பர். அதில் சரியான விடை என்பது இல்லை. முன்னதாகவே நூறு பேரிடம் ஒரு கேள்வியைக் கேட்டு வைத்திருப்பர். அவருட் பெரும்பாலோர் யாது சொன்னார்கள் என்பதை ஊகித்தறிவதே ஆட்டம். இதனை வீட்டில் ஆட வேண்டுமாயின் முதலில் உறவினர் பலரைக் கேட்டு விடைகளைத் திரட்டவேண்டும். அத்திரட்டும் வேலையே ஆட்டத்தினும் சுவையுடையது; சித்தி வீட்டிற்கும் மாமன் வீட்டிற்கும் குழந்தைகள் நடையாய் நடப்பர். எமது வீட்டில் ஒருமுறை, "காலையில் எழுந்ததும் முதன்முதல் செய்யும் காரியம் யாது?" என்னும் கேள்வியைச் சுற்றத்தாரிடம் கேட்டு வந்தனர். ஆடவர் யாவரும் காப்பி குடித்தல், பத்திரிகை படித்தல், கைப்பேசியைப் பார்த்தல் என்றே சொல்லியிருந்தனர். பெண்மக்களோ வாசல் தெளித்தல், அடுப்புப் பற்றவைத்தல், தண்ணீர் பிடித்தல் என்று சொல்லியிருந்தனர். ஆடவர் குடித்த காப்பி எங்கிருந்து வந்தது என்பதும் அச்சீட்டுக்களிலேயே தெரிந்துபோயிற்று. சீட்டுக்களைப் படித்த சிறு பெண், "அப்பா, நீங்கள் எல்லோரும் எழுந்து ஒன்றுமே செய்வதில்லையே!" என்று சொல்லவும் கூடத்திலிருந்தோர் யாவரும் நகைத்தனர். நகைத்த பின் சில ஆடவர் சும்மா இருந்துவிடவில்லை. மறுநாள் தண்ணீர்க் குடம் வேறு கைக்கு மாறியது.

இனி, எச்சரிக்கை ஒன்று கூறவேண்டியவராய் இருக்கின்றோம். வீட்டு ஆட்டத்தில் ஒரு காசும் பந்தயமாக வைத்தலாகாது. புளியங்கொட்டை புளியங்கொட்டையாகவே இருக்கவேண்டும். பணம் பெரிதாகும் இடத்தில் வஞ்சகம் வருமென்பதற்கு, 1950-களில் அமெரிக்காவில் நடந்த 'டுவென்டி ஒன்' என்னும் வினா நிகழ்ச்சியே சான்று. அதில் நாடறிந்த வெற்றி வீரராய் விளங்கிய சார்லஸ் வான் டோரன் என்னும் ஆசிரியர், தமக்கு விடைகள் முன்னதாகவே சொல்லிக்கொடுக்கப்பெற்றன என்று 1959-ம் வருஷம் அந்நாட்டுச் சட்டசபைக் குழுவின் முன் ஒப்புக்கொண்டார். கற்ற குடும்பத்திற் பிறந்த அறிஞரையே பணமும் புகழும் அவ்வாறு இழுத்தன என்றால் நம் பிள்ளைகள் எம்மாத்திரம்?

நமது நாட்டிலோ ஆபத்து இன்னும் அண்மையில் உள்ளது. 2003-ம் வருஷம் தமிழ்நாட்டில் லாட்டரிச் சீட்டு ஒழிக்கப்பட்டது. அது வாசல் வழியே போயிற்று. சூதாட்டம் கைப்பேசி வழியே மீண்டும் வந்தது. இணையச் சூதாட்டத்தைத் தடுக்க 2022-ல் நம் மாகாண அரசாங்கத்தாரும், பணம் வைத்தாடும் இணைய விளையாட்டுக்களைத் தடுக்க 2025-ல் மத்திய அரசாங்கத்தாரும் சட்டம் இயற்றியுள்ளனர். சட்டம் வருவதற்குள் சீரழிந்த குடும்பங்கள் எல்லா வகுப்பிலும் உள, நம்மிலும் உள. பெயர் சொல்ல வேண்டுவதில்லை, சொல்லாமலே அறிவீர்கள். அன்றியும், புகழ்பெற்ற கோடி ரூபாய் நிகழ்ச்சியின் பெயரைத் திருடி, "உங்களுக்கு 25 லட்சம் ரூபாய் பரிசு விழுந்தது, முன்பணம் கட்டுங்கள்" என்று கைப்பேசிக்குப் பொய்ச் செய்தி அனுப்பும் கள்வர் கூட்டம் ஒன்று உண்டு. போலீசார் பலமுறை எச்சரித்தும் ஏமாறுவோர் இருந்துகொண்டே இருக்கின்றனர். தனியே ஒரு மூலையில் அமர்ந்து அச்செய்தியைப் படிக்கும் மனிதனே ஏமாறுகிறான். அதனைக் கூடத்தில் உரக்கப் படித்து, "இது மெய்யா, பொய்யா?" என்று வீட்டாரை வினவுகின்றவன் ஏமாறுவதில்லை. ஆட்டத்தில் இவ்வாறு வினவிப் பழகிய குடும்பம் ஆபத்து வந்தபொழுதும் வினவும்.

மற்றொன்று. பாய் விரித்தால் அயல் வீட்டுக் குழந்தைகளும் வாயிற்படியில் வந்து எட்டிப் பார்ப்பர். அவர்களை உள்ளே அழைத்து அமர்த்துங்கள். எந்தக் குலம் என்று கேளாதீர்கள். நமது சங்கம் நம்மவர் முன்னேற்றத்திற்காக ஏற்பட்டதேயன்றிப் பிறரை விலக்குதற்காக ஏற்பட்டதன்று. வினாவுக்கு விடை தெரிந்தவர் யார், தெரியாதவர் யார் என்னும் ஒரு பேதமே அப்பாயில் உண்டு. அதுவும் அடுத்த சீட்டில் மாறிவிடும். வேற்றுச் சமூகத்துக் குழந்தைகள் கொண்டுவரும் வினாக்களால் நம் குழந்தைகளின் அறிவு விரிவடையுமேயன்றிக் குறைந்துபோகாது.

முடிவாகச் சங்கத்தார்க்கு ஒரு யோசனை கூறுகின்றோம். இக்கூட்டத்திற்கு வந்துள்ள ஒவ்வொரு குடும்பத்தாரும் தம் வீட்டு முதியோரைக் கேட்டுப் பத்து வினாக்களும் விடைகளும் எழுதிக் காரியதரிசியிடம் சேர்ப்பிக்க வேண்டும். எழுதுகிறவர் வீட்டிலேயே இளையவராய் இருத்தல் நலம். அவற்றுள் சிறந்தவற்றை இப்பத்திரிகையில் மாதந்தோறும் வெளியிடலாம். வருஷாந்தரக் கூட்டத்தில், சொற்பொழிவுகளைச் சிறிது சுருக்கிக்கொண்டு, எம்முடையதையும் சேர்த்தே சொல்லுகின்றோம், அரைமணி நேரம் குடும்பங்கள் எதிரெதிரே அமர்ந்து அவ்வினாக்களை ஆடலாம். பரிசாகப் புத்தகம் கொடுக்கலாம், பணம் வேண்டா. வினாத் தொடுக்கும் ஆசனத்தில் முதன்முதல் ஒரு பெண் குழந்தை அமரட்டும். அக்கிராசனாதிபதி அவர்களும் நமது சங்கத்துப் பெரியோர்களும் அக்குழந்தையின் எதிரே அமர்ந்து விடை சொல்லட்டும்.